நாற்பத்தேழாம் நம்பர் கல்

கல் கரைந்துவிட்டது. சிறுநீர்க் குழாயில் இருந்து விழுந்த கல், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு ஒரு ஆட்டு ஆட்டினேன். ஐந்து நிமிஷத்தில் காணோம். பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். இடுக்கியால் நசுக்கினாலும் அசையாத கல்லைப் பார்த்திருக்கிறேன். வெறும் தண்ணீரில் கரைகிற கல்லை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

என் பேர் ஜெபசுதா, சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருபாநிதி ஓர் ஆராய்ச்சி நடத்தினார். அதற்கு சிஸ்டர், கிளார்க், எடுபிடி எல்லாமே நான்தான். ஆராய்ச்சி இதுதான்: குழாயில் கல் அடைத்து வலியோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் குழாயைத் தளர்த்துகிற மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது. இருபத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி, மூடி போட்ட ஒரு சின்னக் குப்பி, என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்த ஒரு நோட்டீஸ். வடிகட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றுக்குப் போக வேண்டும். கல் விழுந்தால் குப்பியில் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

கல் கைக்கு வந்துவிட்டால் அந்த ஆளுக்கு நேரே 'குணம்' என்று எழுதுவோம், கடைசி ஸ்கேன் கிடையாது. கல் வராதவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்து, எங்கள் செலவிலேயே கருவி விட்டுக் கல்லை எடுத்துவிடுவோம். அறுபது பேரோடு ஆராய்ச்சி முடிந்தது. வந்து சேர்ந்த கற்களைக் கழுவிக் காயவைத்து, எந்த வகைக் கல் என்று பார்க்கச் சென்னைக்கு அனுப்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்த வேலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நாற்பத்தேழாம் நம்பர் என் கண்முன்னால் காணாமல் போனது.

நாற்பத்தேழு என்றால் இசக்கிசெல்வி. வேம்பார்ப் பக்கம் உப்பளத்தில் வேலை. முப்பத்தாறு வயசு. இடது பக்கம் பிடித்துக்கொண்டு, வாந்தி எடுத்தபடி, சேலையெல்லாம் உப்புப் பூத்து வந்து நின்றவள். ஏழு மில்லிமீட்டர் கல், குழாயின் அடிப்பக்கம். மாத்திரையை வாங்கிக்கொண்டு போனாள். பத்தொன்பதாம் நாள் குப்பியோடு வந்தாள்.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. குப்பியை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள், "சார், வடிகட்டியில இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன். ஆனா இது அளத்து உப்பு மாதிரில்லா இருக்கு."

டாக்டர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மஞ்சளாக, சொரசொரப்பாக ஒரு துணுக்கு. "உனக்குப் பாக்குறதெல்லாம் உப்பாத்தாம்மா தெரியும்," என்று சிரித்தார். "வலி இருக்கா?"

"நாலு நாளா இல்ல சார்."

"பின்ன என்ன? கல்லும் போச்சு, வலியும் போச்சு. சந்தோஷமா வீட்டுக்குப் போ."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே 'குணம்' கட்டத்தில் டிக் அடித்தேன். பதினைந்து வருஷம் உப்பு வாரினவள் உப்பு மாதிரி இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்கிறாள், நாங்கள் இரண்டு படித்த மூதிகள் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல் கரைந்த தண்ணீரை நான் கொட்டவில்லை. கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஜன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், தட்டின் அடியில் சதுரம் சதுரமாகப் பொடிப்பொடியாய் மினுங்குகிறது. தூத்துக்குடியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அது என்ன என்று சொல்ல லேபும் வேண்டாம், சென்னையும் வேண்டாம்.

தட்டை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

"டாக்டர், நாற்பத்தேழு கல்லு இல்ல. உப்பு. சாப்பாட்டு உப்பு."

"எப்படிச் சொல்றீங்க?"

"நம்பிக்கை இல்லைன்னா நக்கிப் பாருங்க."

அவர் நக்கவில்லை. தட்டை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "டேட்டா லாக் பண்ணியாச்சு சிஸ்டர், இனிமே எதையும் திருத்தக் கூடாது. அடுத்த வாரம் மதுரையில பேப்பர் வாசிக்கணும். கழுவும்போது சாம்பிள் தொலைஞ்சுபோச்சுன்னு எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டுருங்க."

"சரி, தொலைச்சது நானாவே இருக்கட்டும். அந்தப் பொம்பளைக்குள்ள கல்லு இருக்கே, அதுக்கு என்ன செய்ய?"

"இருந்தா வலிச்சிருக்கும். வலிச்சா வந்திருப்பாங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஏனென்றால் வலியைப் பற்றி எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே இந்த மனுஷன்தான். அடைபட்ட சிறுநீரகம் கொஞ்ச நாள் முட்டி மோதும், அப்போது வலிக்கும். பிறகு மோதுவதை விட்டுவிடும், வலியும் நின்றுவிடும். தேங்கின நீர் உள்ளேயே இருந்து சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். வலி நின்றது என்று சந்தோஷப்படாதீங்க சிஸ்டர், ஸ்கேன் பாருங்க என்று எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருக்கிறார்! அவள் குப்பியைக் கொண்டுவந்து அன்றைக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது.

போன் போட்டேன். அவள் வீட்டுக்காரர் சுடலைராஜ்தான் எடுத்தார். "அவளுக்கு நல்லாயிட்டே சிஸ்டர். கோயில்ல பொங்கலே வச்சாச்சு. வலியுமில்ல ஒண்ணுமில்ல, வேலைக்குப் போயிருக்கா," என்றார். இந்த ஆளிடம் போனில் மல்லுக்கு நிற்பதைவிட நேரில் போவதே மேல் என்று, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வேம்பார் பஸ்ஸில் ஏறினேன்.

அளத்தில் வெயில் கண்ணைப் பிடுங்கியது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக உப்புச் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். இசக்கிசெல்வி என்னைப் பார்த்ததும் தலையில் இருந்த உப்புத் தட்டை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன சிஸ்டர், இம்புட்டுத் தூரம்?"

"ஏளா செல்வி, ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. அந்த வடிகட்டிய எப்படிக் கழுவின?"

"நோட்டீசுல போட்டிருந்த மாதிரிதான். ஒவ்வொரு வாட்டியும் தண்ணியில கழுவிக் காய வைக்கணும்னு போட்டிருந்துச்சுல்லா. ஒரு நாள் தப்பல சிஸ்டர். இங்கன கக்கூஸ் கெடயாது, மோட்டார் ரூமுக்குப் பின்னாலதான் போவோம். போயிட்டு வந்து கழுவி, அந்தா, அந்த வரப்புலதான் காய வைப்பேன்."

"எந்தத் தண்ணியில கழுவின?"

அவள் கையைக் காட்டினாள். பாத்திக்குப் பாய்கிற வாய்க்கால். இரண்டு நாள் வெயிலில் நின்றால் உப்பாக உறைகிற தண்ணீர்.

"குடிக்க ஆளுக்கு ஒரு பாட்டில்தான் கொண்டாருவோம்," என்றாள். "அதக் குடிப்பேனா, வடிகட்டி கழுவுவேனா?"

அந்த நோட்டீஸை இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுதியவள் நான்தான். தண்ணீரில் கழுவிக் காயவைக்கவும். அழகாக எழுதினேன், டாக்டர்கூடப் பாராட்டினார். ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்குக் குழாயைத் திறந்தால் வருவதுதான் தண்ணீர். உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்ணிடம் வடிகட்டியைக் கொடுத்தோமே, அவள் எங்கே போவாள், எதில் கழுவுவாள் என்று ஒரு வார்த்தை கேட்டோமா? தப்பு அவளுடையது இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது அவள் ஒருத்திதான்.

"அது உப்புதான் செல்வி," என்றேன். "தண்ணியில கரைஞ்சுபோச்சு."

"நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரிக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. கை தானாக இடுப்பின் இடது பக்கம் போயிற்று. "அப்ப கல்லு?"

"உள்ளதான் இருக்கும்னு பயப்படுதேன். இப்பமே என்கூட வா."

"வேலைய விட்டுட்டா?"

"மேஸ்திரிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இன்னைக்கு உப்பு கெடந்து போவட்டும், நீ கெளம்புளா!"

தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் படம் எடுத்தோம். கல் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது, ஒரு நூல்கூட நகரவில்லை. அதற்கு மேலே குழாய் புடைத்து, இடது சிறுநீரகம் நீர் கோத்து வீங்கிக் கிடந்தது. இவ்வளவு வீக்கத்தை வைத்துக்கொண்டு வலி இல்லாமலா இருக்கிறீர்கள் என்று படம் எடுத்தவர் இரண்டு தரம் கேட்டார். அவள் இரண்டு தரமும் இல்லை என்றாள்.

படத்தைக் கொண்டுபோய் டாக்டர் கிருபாநிதி மேஜையில் போட்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் முகம் செத்துப்போயிற்று. "உடனே எடுத்தாகணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது," என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. டாக்டர் டாக்டர்தான் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"நாளைக்குக் காலையில நானே எடுத்துவிடுறேம்மா. ஒரு பைசா வேண்டாம். இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுரு."

இசக்கிசெல்வி எட்டாவது வரை படித்தவள். தாளை வாங்கி, விரலை ஓட்டி ஓட்டி வாசித்தாள். "நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன்." அப்புறம் நிமிர்ந்தாள். "பழைய தேதில்லா போட்டிருக்கு சார். நான் குப்பியக் கொண்டாரதுக்கு முந்தின தேதி."

"அது சும்மா ஆபீஸ் ஃபார்மாலிட்டி."

"விலகிட்டேன்னா என்னா ஆவும்?"

"உன் பேரு கணக்குல வராது. அவ்வளவுதான்."

"டாக்டர்!" என்று கத்திவிட்டேன். "அவ எதுக்கு விலகணும்? கல்லு வராதவங்களுக்கு நம்ம செலவுல எடுக்கணும்னு நம்ம எழுதினதுதானே?"

"அவங்க கேஸ் 'குணம்'னு முடிஞ்சிருக்கு சிஸ்டர். குணமானவங்களுக்கு நான் எந்தக் கணக்குல ஆபரேஷன் பண்ண? விலகினாங்கன்னா, ஒரு ஏழைக்கு என் தர்மத்துல பண்ணினதா இருக்கும்."

கேட்டீர்களா நியாயத்தை? கல் உள்ளே இருக்கிறது, கண்ணால் பார்த்தாயிற்று. ஆனால் காகிதத்தில் அவள் குணமாகிவிட்டாள், அதனால் வைத்தியம் கிடையாது. குணமாகவில்லை என்று திருத்தினால் மதுரையில் வாசிக்கிற பேப்பரில் குணமானவர்கள் எண்ணிக்கை இறங்கிவிடும், அதனால் திருத்தமும் கிடையாது. அவள் வந்ததே இல்லை என்று ஆகிவிட்டால் மட்டும் தர்மம் உண்டு.

இவ்வளவு கோபம் பொங்கியும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தோளைத் தொட்டு, "போட்டுத் தொலை செல்வி. முதல்ல கிட்னிய காப்பாத்துவோம், மத்தத பொறவு பாத்துக்கிடலாம்," என்றேன். எனக்கு அந்தப் படம்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அவள் பேனாவை வாங்கினாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"சார், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. இந்த மாத்திரை நல்ல மாத்திரைன்னு ஆயிட்டா, பொறவு எல்லாருக்கும் குடுப்பிய, அப்படித்தான?"

"ஆமா. அதுக்குத்தானே ஆராய்ச்சி."

"அளத்துல என்கூட பதினாறு பேரு நிக்கோம். அதுல நாலு பேருக்கு இந்தக் கல்லு இருக்கு. நான் குணமானதப் பாத்துட்டு அவளுவளும் வாரேன்னு சொல்லிக்கிட்டிருக்காளுவ. அவளுவளும் வடிகட்டிய வாய்க்கால்லதான கழுவுவாளுவ? வலி நின்னுட்டு, கல்லு போயிட்டுன்னு நீங்க வீட்டுக்கு அனுப்புவிய." குரல் உயரவே இல்லை. "என் பேர வெட்டாதிய சார். அது அங்கனயே கெடக்கட்டும். குணமாவலன்னு எழுதுங்க."

"அப்போ ஆபரேஷன் இங்க முடியாதும்மா."

"சரி."

அந்தத் தாளின் மேலேயே, அச்சடித்த வரிக்குக் குறுக்காக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அழுத்தி அழுத்தி எழுதினாள்: 'நான் விலகவில்லை. எனக்குக் குணமாகவில்லை.' கீழே பேரும் அன்றைய தேதியும் போட்டாள். "ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க சிஸ்டர்," என்று என்னிடம் நீட்டினாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கவே எடுத்தேன். போட்டுத் தொலை என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைக்க என்று தெரியவில்லை.

அங்கிருந்து நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். அன்றைக்குச் சாயங்காலமே அடைப்பைத் தாண்டி ஒரு குழாய் வைத்து, தேங்கின நீரை இறக்கினார்கள். மூன்று வாரம் கழித்துக் கல்லை எடுத்தார்கள். அதற்கும் பிறகு பரிசோதனை பண்ணிப் பார்த்ததில், இடது சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையில் கால் பங்குதான் செய்கிறது என்று தெரிந்தது. மிச்சம் முக்கால் பங்கு போனது போனதுதான். அன்றைக்கு அவள் குப்பி கொண்டுவந்த கையோடு ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் முழுசாக மிஞ்சியிருக்கும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அங்கேயே எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. ஒரு ஸ்கேன். ஒரே ஒரு ஸ்கேன்!

போட்டோவையும் படத்தையும், கண்ணாடித் தட்டில் இருந்த உப்பு உட்பட நடந்த எல்லாவற்றையும், ஆராய்ச்சிகளை மேற்பார்வை பார்க்கிற நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். நான் டிக் அடித்ததையும் சிரித்ததையும் விடாமல் எழுதினேன். மறுநாளே ஆஸ்பத்திரியில் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஆனால் குழு என்னைக் கூப்பிட்டது, இசக்கிசெல்வியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டது. மதுரைப் பேப்பர் நின்றது. நாற்பத்தேழாம் நம்பருக்கு நேரே 'குணமாகவில்லை' என்று திருத்தினார்கள். ஸ்கேன் இல்லாமல் 'குணம்' என்று நாங்கள் வீட்டுக்கு அனுப்பிய மற்ற முப்பத்தொரு பேரையும் திரும்ப வரவழைத்து இலவசமாகப் படம் எடுக்கச் சொன்னார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்கிற வேலையை என் தலையிலேயே கட்டினார்கள்.

முப்பத்தொரு பேருக்கும் தபால் போட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். அந்த ஒன்பதில் இரண்டு பேருக்குக் கல் உள்ளேயே இருந்தது; குப்பியில் வந்தது உடைந்து விழுந்த ஒரு துணுக்குதான். ஒருத்தருக்கும் வலி இல்லை. மீதி இருபத்திரண்டு பேருக்குப் போன் போட்டால், நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வரணும் என்று வைத்துவிடுகிறார்கள். இதை இசக்கிசெல்வியிடம் சொல்லிப் புலம்பினேன்.

அதுவரை அவள் யாரையும் ஒரு வார்த்தை ஏசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஏசினாள். "கோட்டியா பிடிச்சிருக்கு உங்களுக்கு? வலியில்லாதவனுக்குத் தபால் போட்டா எவன் வருவான்? அவங்கட்ட கேட்டு, சரின்னா என்னைய கூட்டிட்டுப் போங்க. நான் பேசுதேன்."

இப்படித்தான் நாங்கள் ஏரலுக்குப் போனோம். அருமைநாயகம் என்பவர், கடைத்தெருவில் பாத்திரக் கடை. கல்லைக் குப்பியில் கொடுத்து 'குணம்' வாங்கியவர். நானும் கூட வந்த ஆளும் பேசலாமா என்று கேட்டதற்குச் சரி என்றார், ஆனால் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் கால் மணி நேரம் பேசினேன். சிறுநீரகம், அடைப்பு, ஸ்கேன் என்று தெரிந்ததெல்லாம் சொன்னேன்.

"இங்க பாருங்க சிஸ்டர்," என்றார் அவர். "எனக்கு எந்த வலியும் இல்ல. கல்லு விழுந்தத என் கண்ணால பாத்தேன். வியாபாரத்த விட்டுட்டு நான் எதுக்கு வாரது? வலிச்சா நானே வர மாட்டேனா?"

இசக்கிசெல்வி அதுவரை வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன் ஸ்கேன் படத்தைக் கல்லாப் பெட்டியின் மேல் விரித்து வைத்தாள்.

"எனக்கும் வலிக்கல அண்ணாச்சி," என்றாள். "முக்காவாசி கிட்னி போனது, வலிக்காத அந்த ஏழு வாரத்துலதான்."